பலகையில் எழுதிய பள்ளத்தாக்கு

அத்தியாயம் 6

மானைச் சுடப் போகிறவனுக்குக் காபியில் நுரை எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஹேஸல் கடையில் இருப்பதே ஒரு பெரிய மேசை. அதை ஒரு சியாட்டில்காரர் கிட்டத்தட்ட மொத்தமாக வளைத்துப் போட்டிருந்தார். பெயர் ஸ்டெர்லிங் வாஸ். மேசை மேல் காட்டின் வரைபடம், நாலு பக்கத்துக்குச் சாமான் பட்டியல், உள்ளங்கை அளவில் ஒரு காபி இயந்திரம், வெயிலில் தொங்கவிட்டால் வெந்நீர் தரும் குளியல் பை. வரும் திங்கட்கிழமை பத்து நாள் பயணமாகத் தேசிய வனத்துக்குள் எல்க் மான் வேட்டைக்குப் போகிறாராம். அதற்குத் திட்டம் போடுகிறார். அலெக்சாண்டர் படையெடுத்தபோதுகூட இவ்வளவு காகிதம் செலவழித்திருக்க மாட்டான்.

நான் லைல் ப்ரூவிட். இதே பிட்டர் ஃபோர்க்கில் பிறந்தவன். ஐடஹோ மாநிலத்தில் இதைவிடச் சின்ன ஊர்கள் உண்டு, ஆனால் இதைவிடத் தற்பெருமை பிடித்த ஊர் கிடையாது. பதினோரு வருஷம் செத்த மிருகங்களுக்குள் பஞ்சு அடைத்துப் பிழைத்தேன். இப்போது நோரா எச்செவெரி என்கிற துப்பறியும் பெண்மணிக்கு ஜீப் ஓட்டுகிறேன். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. எந்நேரமும் சூரியகாந்தி விதை மென்று தோலைத் துப்பிக்கொண்டிருப்பாள். நான் அவளைத் ‘தலைவி’ என்று கூப்பிடுவது மரியாதையால் அல்ல என்பது அவளுக்கும் தெரியும்.

மேசையில் மிச்சமிருந்த ஓரத்தில், எங்கள் எதிரே, ஜோனி டால் உட்கார்ந்திருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மூன்று நாளாகத் தூங்காத கண்கள்.

“அப்பா வியாழக்கிழமை காலைல கோவேறு கழுதையில கிளம்பினாரு. ஞாயித்துக்கிழமை திரும்பணும். இன்னிக்கு புதன். சாயங்காலம் பனி கொட்டப் போவுதுன்னு ரேடியோல சொல்றான். இன்னொரு ராத்திரி அவரு தாங்க மாட்டாரு, மேடம்.”

வாஸ் தலையைத் திருப்பினார். “மன்னிச்சுக்கணும். அவரைத் தேடற ஹெலிகாப்டர் இன்னும் எத்தனை நாள் சுத்தும்? அந்தச் சத்தத்துல மானெல்லாம் ஓடிடாதா?”

“சொல்லி வைக்கிறேன் சார்” என்றேன். “திங்கட்கிழமை வரைக்கும் காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றேன்.”

அவர் நன்றி சொன்னார். நிஜமாகவே சொன்னார்.

நோரா ஜோனியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “தேடற ஆளுங்க எங்க தேடறாங்க?”

“பட்டினிப் பள்ளத்துல. மூணு நாளா நாப்பது பேரு. ஒரு குளம்படிகூடக் கிடைக்கல.”

“அங்கதான் போனாருன்னு யார் சொன்னது?”

“கார்வர் அங்கிள். கார்வர் பீல். அப்பாவோட கூட்டாளி. பத்தொன்பது வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்துதான் வெளியூர்க்காரங்களை வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நிஜமா எங்க போறோம்னு அப்பா அவர்கிட்ட மட்டும்தான் சொல்லிட்டுப் போவாரு.”

“போர்டுல என்ன எழுதியிருக்காரு?”

“அதை எதுக்கு மேடம் பாக்கறீங்க?” என்றாள் ஜோனி சலிப்பாக. அவள் கேட்டதில் தப்பில்லை.

ஹேஸல் கடைச் சுவரில் ஒரு கறுப்புப் பலகை உண்டு. காட்டுக்குள் போகிற ஒவ்வொருவனும் அதில் எழுதிவிட்டுத்தான் போவான். பெயர், போகும் இடம், எத்தனை பேர், திரும்பும் நாள். சொன்ன நாளில் திரும்பாவிட்டால் ஹேஸல் போலீசுக்குத் தகவல் கொடுப்பாள். பெயர் உண்மை, ஆள் கணக்கு உண்மை, நாள் உண்மை. இடம் மட்டும் பச்சைப் பொய். மான் நிற்கிற இடத்தை எழுதினால் மறுநாள் அங்கே முப்பது ஜீப் நிற்கும் என்று பயம். கல்யாணமானவன் நிஜமான இடத்தைப் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போவான். பெண்டாட்டி இல்லாதவன் கூட்டாளியிடம் சொல்லுவான். மூன்று தலைமுறையாக இப்படித்தான். இதை எங்கள் ஊரில் பாரம்பரியம் என்கிறார்கள். ஒரு ஊரே கூடி நின்று புளுகுவதற்கு இவ்வளவு நல்ல பெயர் வேறு எங்கும் கிடைக்காது.

நோரா எழுந்துபோய்ப் பலகையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ‘பியர்ஸ் சகோதரர்கள் - ஏரிப் பக்கம்.’ ‘கிழவன் ஓட்டிஸ் - வடக்கே.’ எல்லாம் இந்த லட்சணம்தான். நடுவில் ஒரு வரி மட்டும் கோணல் எழுத்தில் நீளமாக ஓடியது.

‘ரோய்ஸ் டால் - கரண்டி ஓடை, மூன்றாவது பாலம் தாண்டிக் கால் மைல், எரிந்த பைன் மரங்களுக்குக் கீழே, இடது கரை. தனியாள். ஞாயிறு.’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்னு இந்த மனுஷனைப் பாத்துதான் கத்துக்கணும், தலைவி. இடது கரையாம்!”

“போலீஸ் டெபுடியும் இதைப் பாத்து இப்படித்தான் சிரிச்சாரு” என்றாள் ஜோனி.

நோரா சிரிக்கவில்லை. “கையெழுத்து அவருதா?”

“ஆமா.”

நோரா ஒரு தோலைத் துப்பினாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். “உங்கப்பா என்னென்ன எடுத்துட்டுப் போனாருன்னு தெரியுமா?”

ஜோனி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தாள். சமையலறையில் கிடந்ததாம். பயணத்துக்கு முன் ரோய்ஸ் பென்சிலால் எழுதிக்கொண்ட பட்டியல். பீன்ஸ் ஆறு டப்பா. காபி. பன்றிக்கொழுப்பு. கழுதைக்கு ஓட்ஸ். தார்ப்பாய். போர்வை இரண்டு. கேமரா. கடைசியில் ஃபிலிம் சுருள் மூன்று. வாஸின் நாலு பக்கத்துக்கு எதிரே இது ஒரு சீட்டு. ஆனால் இதை வைத்துக்கொண்டு காட்டில் ஒரு மாதம் உயிரோடு இருக்கலாம்.

“செயற்கைக்கோள்ல பேசற கருவி ஒண்ணு போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் குடுத்தேன்” என்றாள் ஜோனி. “அதெல்லாம் சியாட்டில்காரனுக்குன்னு சொல்லி மேசை டிராயர்ல போட்டுட்டாரு.”

“மான் வேட்டைக்கு எடுத்துட்டுப் போற வில்லு?”

“சுவத்துலயே தொங்குது.”

“வேட்டை சீசன்ல வில்லை வீட்டுல மாட்டிட்டு, கேமராவை எடுத்துட்டுப் போயிருக்காரு.” நோரா பட்டியலை மடித்தாள். “தண்ணி கேன்?”

“கொட்டாயில கிடக்கு. ரெண்டுமே.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பட்டினிப் பள்ளத்தில் ஜூலைக்குப் பிறகு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஒரு கோவேறு கழுதை ஒரு நாளைக்கு முப்பது லிட்டர் குடிக்கும். கேன் இல்லாமல் நாலு நாள் அங்கே போகிறவன் முட்டாளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாஸாக இருக்க வேண்டும்.

“அப்ப அவரு பட்டினிப் பள்ளத்துக்கே போகல” என்றேன்.

“வீட்டுக் கொல்லையிலேயே காடு ஆரம்பிக்குது. வண்டியை எங்கயும் நிறுத்தல. எந்தப் பாதையில போனாருன்னு சொல்ல ஒரு சாட்சி இல்ல. கார்வரோட வாய் ஒண்ணுதான் சாட்சி.” நோரா சட்டென்று நாற்காலியை வாஸ் பக்கம் திருப்பினாள். அவள் குரலில் தேன் ஒழுகியது. பதினாலு மாதமாக அவளோடு இருக்கிறேன், அந்தக் குரலை நான் சம்பளம் கேட்டபோது ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. “எவ்வளவு பிரமாதமா பிளான் பண்ணியிருக்கீங்க சார்! யார் கூட்டிட்டுப் போறாங்க?”

“கார்வர் பீல்.” வாஸ் மார்பு விரிந்தது. “ஊரிலேயே பெரிய ஆள்னு சொன்னாங்க. எல்க் கேரண்டி.”

“கேரண்டியா?”

“கொம்புல ஆறு கிளை இருக்கிற ஆண் மான். கிடைக்கலைன்னா பணம் வாபஸ்.”

“சார், எங்க ஊர்ல கல்யாணத்துக்கே கேரண்டி கிடையாது” என்றேன்.

நோரா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். “எந்தப் பக்கம் சார் போறீங்க?”

வாஸ் வரைபடத்தின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். ஊருக்கு வந்து ரெண்டு நாள் ஆகவில்லை, அதற்குள் தொற்றிக்கொண்டுவிட்டது. “அதை மட்டும் வெளியில சொல்லக்கூடாதுன்னு கார்வர் கண்டிப்பா சொல்லியிருக்காரு.”

“சொல்ல வேணாம், சொல்ல வேணாம்.” நோரா குளியல் பையைக் கையில் எடுத்து வருத்தமாகப் பார்த்தாள். “பாவம், இதை மட்டும் வீணா சுமந்துட்டுப் போகப் போறீங்க. இந்த மலையில செப்டம்பர்ல தண்ணி ஏது? பல் விளக்கவே பத்தாது.”

அவர் சிரித்தார். விஷயம் தெரிந்தவன் தெரியாதவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. “அதெல்லாம் நான் யோசிக்காம இருப்பேனா மேடம்? மூணாவது பாலத்துல இருந்து கூடாரம் முன்னூறு அடிதான். ஓடை ஓடிட்டே இருக்கும். தினம் வெந்நீர்க் குளியல்!”

தவளை தன் வாயால் கெடும். எங்கள் காட்டில் பாலத்துக்கு எண் போட்டிருப்பது ஒரே ஓடையில்தான். கரண்டி ஓடை.

ஜோனி பலகையைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நோரா யாரையும் பார்க்காமல் கல்லாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஹேஸல், இந்தக் கோடையில கார்வர் உங்கிட்ட வழக்கத்துக்கு மாறா ஏதாவது வாங்கினானா?”

ஹேஸலுக்கு ஊரில் யார் வீட்டில் எத்தனை ரொட்டி மீந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கும். “உப்புக்கட்டி. மாட்டுக்கு நக்கப் போடுவாங்களே, அது. பன்னண்டு வாங்கினான்.”

“அவன்கிட்ட மாடு இருக்கா?”

“மாடு ஏது? கழுதைதான் ஆறு. கழுதைக்குத்தான்னு சொன்னான். ஆறு கழுதைக்கு மூணு கட்டியே ஜாஸ்தி.”

“பன்னண்டையும் நக்கியிருந்தா கழுதைக்கெல்லாம் ரத்தக்கொதிப்பு வந்திருக்கும்” என்றேன்.

நோரா எழுந்துவிட்டாள். “ஜீப்பை எடு.”

“கரண்டி ஓடைக்கா?”

“வழியில பட்டினிப் பள்ளத்துல ஒரு நிமிஷம். அந்த நாப்பது பேரும் அங்கதான் இருக்காங்க. ரோய்ஸ் திரும்பலைன்னா எங்கயோ அடிபட்டுக் கிடக்கணும். தூக்கிட்டு வர எனக்கு ஸ்ட்ரெச்சர் வேணும், ஆள் வேணும்.”

*

காட்டில் மானுக்கு உப்பு வைத்துப் பழக்கிச் சுடுவது எங்கள் மாநிலத்தில் குற்றம். பிடிபட்டால் வழிகாட்டி உரிமம் ஆயுளுக்கும் போகும். அது குற்றமாக இல்லாவிட்டாலும் கேவலம். உப்பு நக்கக் குனிந்த மிருகத்தை, நுரைக்காபி குடித்துக்கொண்டே ஒருவன் சுடுகிறான். பிறகு அந்தத் தலை என்னிடம் வரும். ‘நேருக்கு நேர் பாய்கிற மாதிரி செய்து கொடுங்கள்’ என்பான். நானும் செய்து கொடுத்திருக்கிறேன், பதினோரு வருஷம். அதனால் இந்த ஜென்மங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

பட்டினிப் பள்ளத்தின் முகப்பில் கூடாரம் போட்டிருந்தார்கள். கார்வர் பீல் பெரிய பாத்திரத்திலிருந்து எல்லோருக்கும் சூப் ஊற்றிக்கொண்டிருந்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம், அந்த ஓநாய் சூப் ஊற்றியதாகக் கதையில் இல்லை. ஜோனியைக் கண்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

“தைரியமா இரும்மா. உங்கப்பனை நான் விட்டுட மாட்டேன்.”

“கார்வர்” என்றாள் நோரா. “நாலு நாள் இந்தப் பள்ளத்துல கழுதைக்குத் தண்ணிக்கு ரோய்ஸ் என்ன பண்ணியிருப்பான்?”

“கேன்ல எடுத்துட்டுப் போயிருப்பான்.”

“கேன் ரெண்டும் கொட்டாயில இருக்கு.”

கார்வர் பார்வையை மலைப்பக்கம் திருப்பினான். “அப்ப மேல ஒரு ஊத்து இருக்கே.”

“ஜூலையிலேயே வத்திடுச்சு. இங்க நிக்கிற நாப்பது பேருக்கும் தெரியும்.”

சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். டெபுடி பக்கத்தில் வந்தார். கார்வர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு வருத்தமாக ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இவன் கெட்டிக்காரன் என்று புரிந்தது.

“அப்படின்னா ரோய்ஸ் எங்கிட்டயும் பொய் சொல்லிட்டான். என்ன பண்றது? இந்த ஊர்ல இடத்தைப் பத்தி உண்மை சொன்னவன் யாரு? அவன் சொன்னதை நான் சொன்னேன். இது ஒரு குத்தமா?”

கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. ஆடாமல் என்ன செய்யும்? அத்தனையும் புளுகித் தின்ற தலைகள்.

டெபுடி அலுத்துக்கொண்டார். “அப்ப அவன் எங்கதான் போனான்? இந்தக் காடு லட்சக்கணக்கான ஏக்கர். நான் எங்கன்னு தேடறது?”

“போர்டுல எழுதியிருக்கே” என்றாள் நோரா.

இரண்டு பேர் சிரித்தார்கள். நோரா சிரித்தவர்களை ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“பொய் எழுதறவன் சுருக்கமா எழுதுவான். ‘ஏரிப் பக்கம்’, ‘வடக்கே’, அவ்வளவுதான். நீங்க எல்லாருமே அப்படித்தான் எழுதியிருக்கீங்க. மூணாவது பாலம், கால் மைல், எரிஞ்ச மரம், இடது கரைன்னு எழுதறவன் தன்னைத் தேடி யாராவது வரணும்னு நினைக்கிறவன். ரோய்ஸ் வில்லை எடுத்துட்டுப் போகல, கேமராவை எடுத்துட்டுப் போனான். கரண்டி ஓடையில யாரோ உப்புக்கட்டி வெச்சிருக்கான்னு படம் பிடிக்க. வெச்சது யாருன்னும் அவனுக்குத் தெரியும். அதனால வழக்கமா இடத்தைச் சொல்ற ஆள்கிட்ட இந்தத் தடவை அவனால சொல்ல முடியல. பெண்டாட்டி இல்ல. பொண்ணைப் பயமுறுத்த மனசு வரல. மீதி இருந்தது அந்தப் போர்டு ஒண்ணுதான். வாழ்க்கையில முதல் தடவையா அதுல உண்மையை எழுதிட்டுப் போனான்.”

ஒருவர் கையிலிருந்த சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“நாம எல்லாரும் படிச்சோம், சிரிச்சோம்” என்று நோரா கார்வர் பக்கம் திரும்பினாள். “இந்த ஊர்லயே அந்த வரியை நம்பின ஒரே ஆள் நீதான், கார்வர். கரண்டி ஓடைக்கு அவன் ஏன் போறான்னு உனக்கு மட்டும்தானே தெரியும்? ஞாயித்துக்கிழமை அவன் திரும்பலைன்னதும் நீ கையைக்கூட அசைக்கல. ஒரே ஒரு பேரை மாத்திச் சொன்ன. மிச்சத்தை ஊர் பழக்கம் பாத்துக்கிச்சு.”

“நான் அவனைத் தொடக்கூட இல்ல!” கார்வரின் குரல் கிறீச்சிட்டது. “நான் அந்தப் பக்கமே போகல! வேணும்னா கேட்டுப் பாருங்க!”

அது சரிதான். கத்தியோடு வருகிறவனுக்காவது கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும். இவன் வெறும் நாக்கால் ஒரு மனுஷனைப் புதைத்துவிட்டு, சவ ஊர்வலத்துக்குச் சூப் வைத்துக்கொண்டிருந்தான்.

ஜோனி அவனருகே போனாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், அடித்தால் பிடிக்கக்கூடாது என்றும் முடிவு செய்தேன்.

“ஞாயித்துக்கிழமை ராத்திரி எங்க வீட்டுக்கு வந்து எனக்கு முட்டை பொரிச்சுக் குடுத்தீங்க அங்கிள்” என்றாள். “அப்பவே உங்களுக்குத் தெரியும்.”

கார்வர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான். டெபுடி அவன் தோளில் கை வைத்தார். இன்னொரு கையால் வயர்லெஸ்ஸில் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டார். மேகம் இறங்கிவிட்டது, இனிப் பறக்க முடியாது என்று பதில் வந்தது.

*

மரம் ஏற்றும் லாரிகள் போன பழைய பாதையில் ஜீப் மூன்றாவது பாலத்தை அடைந்தபோது மணி மூன்றே முக்கால். பனி விழத் தொடங்கியிருந்தது. பின்னால் நாலு வண்டிகளில் ஆட்கள் வந்தார்கள். இப்போது எல்லோருக்கும் அவசரம்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் மூன்று உப்புக்கட்டிகள் புல்லில் கிடந்தன. சுற்றிலும் மண்ணை மான்கள் மிதித்துச் சேறாக்கியிருந்தன. நோரா அவற்றை எட்டிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனாள்.

எரிந்த மரங்கள் தெரிவதற்கு முன்பே கழுதை கத்தியது. ஜோனி ஓடினாள். எழுதியிருந்தபடியே இடது கரை. தார்ப்பாயின் கீழே, இரண்டு போர்வைக்குள், ரோய்ஸ் டால் உயிரோடு கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு காலுக்கு உரிய திசையில் இல்லை. உதடு வெடித்திருந்தது. மகள் முகத்தைத் தடவிப் பார்த்தார்.

“சனிக்கிழமை பாறையில சறுக்கிட்டேன்” என்றார். குரல் காற்றாக வந்தது. “படமெல்லாம் எடுத்துட்டேன். கேமரா பத்திரமா இருக்கு.”

“பேசாதீங்கப்பா.”

“முதல் நாளே தவழ்ந்து பாலத்துக்குப் போயிருக்கலாம். கால் மைல்தானே? அங்கிருந்து வண்டித் தடம் இருக்கு, யாராவது வண்டியில வந்திருப்பாங்க. ஆனா நான் நகரல.” மூச்சு வாங்கினார். “எழுதின இடத்துல இருக்கணும்ல? தேடி வர்றவங்க என்னைக் காணாம அலையக் கூடாதுல்ல?”

ஜோனி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பின்னால் வந்த ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். ஊரின் வீரதீர வேட்டைக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவனுக்கும் பக்கத்தில் வரக் கால் எழவில்லை.

“ஹெலிகாப்டர் சத்தம் தினம் கேட்டுச்சு” என்றார் ரோய்ஸ். “அந்த மலைக்கு அப்பால. இப்ப வந்துடும், இப்ப வந்துடும்னு பாத்தேன்.” எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோபமே இல்லை. விளங்காமல்தான் கேட்டார். “போர்டை யாரும் படிக்கலையா?”

நோரா வாயிலிருந்த விதைத் தோலைக் கையில் துப்பிக்கொண்டாள். கார்வரைக் காறித் துப்ப எனக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. வாஸுக்கு ஐந்நூறு வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு ஒன்றுதான் இருந்தது.

“படிச்சோம், ரோய்ஸ்” என்றேன்.

நான் மண்டியிட்டுக் கத்தியை எடுத்து அவருடைய வலது பூட்ஸை அறுக்க ஆரம்பித்தேன். உள்ளே பாதம் கணுக்கால்வரை செத்துக் கறுத்திருந்தது.